பேக்கைத் திற!

போர்ட் கேம் தூக்கிக்கொண்டு திரியும் எங்களுக்கு வீட்டில சொல்ற புத்தி ஒண்டுதான்: "பெரிய கறுப்பு பேக் வேண்டாம்." 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்காரருக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் குண்டு வந்தது முதுகுப் பையில்தான். அதற்காக இத்துப்போற சின்னப் பையை நாங்கள் வாங்க ஏலாது. 'கட்டான்' பெட்டி மட்டுமே கிட்டத்தட்ட 30 சென்டிமீற்றர் நீளம். வெள்ளவத்தையில நெரிசல் பஸ் ஏறினால் மலிவுப் பையின் தோள்பட்டி தையலோடு கழரும். (எங்கட பகடை காலி வீதியில உருண்டது வேற கதை.) பட்டி பையோடு சேரும் இடத்தில் குறுக்குத் தையல் இருக்கா, ஸிப் மூன்று பக்கமும் திறக்குதா எண்டு பாருங்கோ. அப்படித் திறக்கிற பையைச் சோதிக்க அரை நிமிஷம் போதும். சோதிக்கட்டும். ஆனால் எங்கட பெயரைக் கேட்ட பிறகு மட்டும் கட்டைகளை ஒவ்வொண்டா வெளியில எடுக்கச் சொல்றது என்ன பாதுகாப்பு?