விளக்கு மினுக்கிய பெட்டிதானா?

தனிநபர் கணினியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் ஆப்பிளில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் உதிரி பாகங்களாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கிட் கணினிகளை, "விளையாட்டுப் பொருள்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கு. நான்கும் நிற்கவில்லை.

முதலாவது, "விளக்கு மினுக்குவதைத் தவிர அவற்றுக்கு ஒன்றும் தெரியாது." 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்த அல்டேர் 8800-ஐ எடுத்துக்கொள்வோம். திரை இல்லை, கீபோர்டு இல்லை. நினைவகம் 256 பைட். ஒரு பைட்டை ஏற்ற எட்டு சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளி, 'டெபாசிட்' சுவிட்சைத் தட்ட வேண்டும். அடுத்த பைட்டுக்கு மறுபடியும் அதே வேலை. கரண்ட் போனால் ஏற்றியது அத்தனையும் போச்சு. இதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் உள்ளே இருந்த 100 முனை இணைப்புத் தடத்தை மறந்துவிடுகிறார்கள். கூடுதல் நினைவகத்துக்கோ டெலிடைப் இணைப்புக்கோ யார் வேண்டுமானாலும் போர்டு தயாரித்து அதில் செருகலாம். அப்படிப் போர்டு செய்து விற்கவே சிறு நிறுவனங்கள் முளைத்தன. 4 கிலோபைட் நினைவகம் இருந்தால் பேசிக் மொழியே ஓடியது. அதை எழுதியவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். மைக்ரோசாஃப்ட் பிறந்ததே இந்த வியாபாரத்தில்தான்.

இரண்டாவது, "காசை மிச்சம் பிடிக்கத்தான் கிட் வாங்கினார்கள்." 1980-இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்80-க்கு இது ஓரளவு பொருந்தும்: கிட் 79.95 பவுண்டு, அசெம்பிள் செய்தது 99.95. ஆனால் 1975-இல் நிலைமை வேறு. மினி கணினிகள் பல ஆயிரம் டாலர் விலையில் நிறுவனங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். இன்டெல் 8080 பிராசஸரைச் சில்லறையில் வாங்கினாலே 360 டாலர். அந்தப் பிராசஸரோடு முழு அல்டேர் கிட்டையும் எம்ஐடிஎஸ் நிறுவனத்தின் எட் ராபர்ட்ஸ் 397 டாலருக்குத் தந்தார். வாங்கியவர்கள் தேடியது தள்ளுபடியை அல்ல. தமக்கென்று ஒரு கணினியை.

மூன்றாவது, "படத்தைப் பார்த்து ஈயம் வைப்பதில் என்ன அறிவு வளரும்?" ஈயம் வைத்து முடித்ததும் எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தால் இந்தக் கேள்வி நியாயம்தான். பக்கத்துப் பக்கத்து முகவரித் தடங்கள் இரண்டின் மேல் ஒரு சொட்டு ஈயம் வழிந்துவிட்டது என்று வையுங்கள். ஓரிடத்தில் எழுதியது இன்னோர் இடத்திலும் தெரியும். நிரல் சரி, சிப் சரி, விடை மட்டும் தப்பு. எந்த முகவரியோடு எந்த முகவரி குழம்புகிறது என்று இரும எண்ணில் எழுதிப் பார்த்தால்தான் ஒட்டிக்கொண்ட தடங்கள் எவை என்று பிடிபடும். இந்தப் பழுதைக் கண்டுபிடித்தவருக்கு நினைவக முகவரி என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நான்காவது, "உண்மையான தொடக்கம் ஆப்பிள்தான்." ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் எங்கிருந்து வந்தார்? கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கராஜில், 1975 மார்ச் 5 அன்று கூடிய ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்பிலிருந்து. அந்த முதல் கூட்டத்தில் பேச்சே அல்டேரைப் பற்றித்தான். 1976-இல் 666.66 டாலருக்கு விற்ற ஆப்பிள் 1-உம் வெறும் போர்டுதான். பெட்டி, கீபோர்டு, மின்மாற்றி எல்லாம் வாங்கியவரே தேடிச் சேர்க்க வேண்டும்.

1977-இல் ஆப்பிள் 2, பெட், டிஆர்எஸ்-80 என்று பெட்டியைப் பிரித்ததும் ஓடும் கணினிகள் வந்தன. கிட்டுகளின் மவுசு மெல்லக் குறைந்தது. அது தோல்வி அல்ல. வீட்டுக்கு ஒரு கணினி வாங்க ஆள் உண்டு என்று கிட்டுகள் காட்டிய பிறகே அந்தத் தொழில் எழுந்தது. தனிநபர் கணினியின் வரலாற்றை எழுதுவோர் கிட்டுகளுக்கு அடிக்குறிப்பு அல்ல, முதல் அத்தியாயமே தர வேண்டும்.