கூடை சுமப்பவளுக்கே முதலிடம்

கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டி உயிருக்கு உலைவைப்பது அபூர்வம் என்பது மெய்யே. ஆயினும், இலங்கையின் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களான கலஹாவிலும் தெல்தோட்டையிலும், உதிரப்போக்கினால் உள்ளங்கை வெளிறிப்போய், கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் தாங்கி மேடேறும்போது நாலடிக்கொருமுறை நின்று மூச்சு வாங்கும் ஸ்திரீகளைக் கண்டவர் எவரும் அந்நோயை அற்பமென்று தள்ளமாட்டார்.

வயிற்றைக் கீறிச் செய்யும் சத்திரசிகிச்சைக்குப்பின் ஏறக்குறைய ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது என்பர் வைத்தியர். பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழாத நாளுக்குக் கூலியில்லாத தோட்டத்தில் இந்த ஆறு வாரத்தின் பொருள் என்னவென்று விளக்கவும் வேண்டுமோ? தொப்புளருகே சிறு துளையிட்டு, கரியமிலவாயுவால் வயிற்றை விரித்து, கமராவின் துணையோடு வேறு இரண்டு மூன்று துளைகள் வழியே கட்டியை அகற்றும் லப்பரஸ்கோப்பி முறையிலோ, ஓரிரு நாளில் வீடு திரும்பி, இரண்டு மூன்று வாரங்களில் அன்றாட வேலைகளைப் பெரும்பாலோர் தொடங்கிவிடுகின்றனர். கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பின் தோலில் ஒரு கீறலும் வேண்டாம். யோனிவழியே கருவி செலுத்தி அதனைச் செதுக்கியெடுக்கலாம்.

கர்ப்பப்பையையே நீக்குவதுதான் பரிகாரம் என்றிருந்த காலத்தில், கட்டியை மட்டும் எடுத்துப் பையைக் காப்பாற்றலாம் என்று வாதாடிச் செய்தும் காட்டியவர் லண்டன் வைத்தியர் விக்டர் பொனி. அதனைத் துளைவழியே செய்யும் வித்தையை 1970களில் வளர்த்தோருள் ஜெர்மனியின் கீல் நகரத்துக் குர்ட் செம் முக்கியமானவர். ஆயினும் இது அபாயமற்ற வித்தையன்று. கர்ப்பப்பைச் சுவரை அடுக்கடுக்காகத் தைப்பதில் குறை நேர்ந்தால் பின்வரும் கர்ப்பத்தில் பை கிழியக்கூடும். கட்டியை இயந்திரத்தால் துணுக்காக்கும்போது மறைந்திருக்கும் புற்றுநோய் வயிற்றில் பரவக்கூடுமென்று அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் 2014இல் எச்சரித்தது. கைதேர்ந்தவரிடம் தகுந்த பயிற்சி பெறாமல் தொடத்தகாத காரியம் இது.

ஒரு லப்பரஸ்கோப்பிக்குச் செலவாகும் நேரத்தில் இரண்டு பேருக்கு வயிற்றைக் கீறி முடித்துவிடலாம் என்று கணக்குக் காட்டுவோர் உண்டு. அந்தக் கணக்கில் நோயாளியின் கூலி சேர்க்கப்படவில்லை என்பதே என் ஆட்சேபம்.  வசதியும் எட்டாத தூரத்தில் இல்லை: அதே கண்டிப் பக்கத்துப் பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடமும், 1980 முதல் கட்டணமில்லாத போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பணம் படைத்தோர் தனியார் வைத்தியசாலையில் சௌகரியமாக நாடும் இந்தச் சிகிச்சை, கூடை சுமப்பவளுக்கு அத்தியாவசியம் என்று கொண்டு, அரச வைத்தியசாலைகளின் காத்திருப்போர் பட்டியலில் அவளுக்கு முதலிடம் தருவது நியாயம்.

ஆனால் பட்டியலில் பெயர் ஏறுமுன்பே காரியம் கெட்டுவிடுகிறது. கட்டி தொப்புள்வரை வளர்ந்தபின் வருபவளுக்குப் பெரும்பாலும் பெருங்கீறலே கதி. அதற்கும் முன்னதாக இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகையால் சுகவனிதையர் கிளினிக்கிலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வரும் மருத்துவமாதின் வாயிலும், மாதவிலக்கு எத்தனை நாள் நீடிக்கிறது, இரத்தம் கட்டிகட்டியாகப் போகிறதா என்ற கேள்விகள் தவறாமல் எழவேண்டும். ஆமென்றால் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அந்த மாதத்துக்குள்ளேயே நடக்கவேண்டும். சிகிச்சைக்குப்பின் ஓய்வெடுக்கும் வாரங்களுக்கு அரைப்பேராவது போட்டுத் தரத் தோட்ட நிருவாகங்களைத் தொழிற்சங்கங்கள் இணங்கச் செய்யவேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் இந்த விஷயத்துக்கும் ஓரிடம் இருக்கட்டும்.