தண்ணீரை மட்டும் சோதித்தால் போதுமா?

நெல்லை சுலோச்சன முதலியார் பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்தால் தாமிரபரணி தண்ணீர் தெரியும். அடியில் கிடக்கும் சகதி தெரியாது. விஷம் வந்து சேர்ந்தால் தங்குவது அங்கேதான்!

டி.டி.டி., எண்டோசல்பான் போன்ற பூச்சிமருந்துகள் தண்ணீரில் லேசில் கரையாது. வயலில் இருந்து மழையோடு வந்து சகதியில் ஒட்டிக்கொள்ளும். விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-ல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானுக்கு 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. கடைக்காரர் விற்பனையை நிறுத்திவிடுவார். சகதிக்கு யார் உத்தரவு போடுவது?

அந்தச் சகதியைத் தின்றே வாழும் புழு உண்டு. புழுவை மீன் தின்னும். மீன் குழம்புச் சட்டிக்கு வரும்.

மருந்து கலந்த தண்ணீரில் மீனை 4 நாள் விட்டு, செத்ததா பிழைத்ததா என்று பார்ப்பது ஒரு சோதனை. அது பத்தாது. வெளிநாடுகளில் மருந்து கலந்த சகதியில் செம்புழுக் குஞ்சுகளை 28 நாள் வரை வளர்க்கிறார்கள். எத்தனை புழு பூச்சியாகிப் பறக்கிறது என்று எண்ணுகிறார்கள். புழு உடனே சாகாமலே அதன் வம்சம் அற்றுப் போகலாம் அல்லவா?

ஜப்பானில் மினமாட்டா ஆலை பாதரசக் கழிவை 1968-ல் நிறுத்தியது. கடலடிச் சகதியை அள்ளி முடிக்க 1990 ஆகிவிட்டது!

இங்கே தூர் வாருவது என்றாலே எத்தனை லோடு மணல் என்பதுதான் பேச்சு. ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கே அள்ளுகிற வண்டல் வயலுக்குப் போகும் முன்பு ஒரு வாளி ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும். குறுக்குத்துறையிலும் ஒரு வாளி எடுக்கட்டும். அதிகாரிகளுக்கு இதில் என்ன கஷ்டம்?