பையில் இல்லாத இலக்கம்

ஐரோப்பியப் பேரங்காடியில் ஒரு பெட்டி பால் வாங்கும்போது முடிவுத் திகதியை இருமுறை பார்க்கும் எமது கைகள், தமிழ்க் கடையில் எழுத்தேதும் அற்ற பிளாஸ்டிக் பையில் கட்டிய மிளகாய்த்தூளைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்கின்றன. "எங்கட கடைதானே" என்ற நம்பிக்கையே காரணம். சென்ற மாதம் நாமும் அப்படியொரு பையை வாங்கி வந்தோம். திகதியோ, பொதி செய்தவர் பெயரோ அதில் இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பின்னரே கண்டோம். திரும்பிச் சென்று கேட்டபோது, "நல்ல தூள் அண்ணை, எங்கட வீட்டிலயும் இதுதான்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் கேட்டது அதுவன்று.

இக்கேள்வி ஏன் எழுகிறது என்பதற்கு மிளகாய்த்தூளின் கதையே போதும். 2003ஆம் ஆண்டு மே மாதம், இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்ப் பொருட்களில் 'சூடான் 1' என்னும் சிவப்புச் சாயம் கலந்திருப்பதைப் பிரான்சு கண்டறிந்தது. எண்ணெய், மெழுகு, சப்பாத்துப் பூச்சு ஆகியவற்றுக்கு நிறமூட்டும் சாயம் அது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதால் உணவில் சேர்ப்பதற்குத் தடை உண்டு. பழைய தூளையும் புதிதுபோல் சிவக்கச் செய்வதற்காக அதனைக் கலந்தனர். 2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில் அதே சாயம் மீண்டும் அகப்பட்டது. மிளகாய்த்தூள் ஒரு சுவைச்சாற்றில் சேர்ந்து, அச்சாறு வேறு பல உணவுகளில் சேர்ந்து, 350இற்கும் மேற்பட்ட பொருட்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை வெள்ளையர் வாங்கும் ஆயத்த உணவுகள். உறைப்பையே அறியாத வீடுகளுக்கும் மிளகாய் போய்ச் சேர்ந்திருந்தது!

அத்தனையையும் தேடிப் பிடிக்க முடிந்தது எவ்வாறு? தூள் வாங்கியவரிடம் பற்றுச்சீட்டு இருந்தது, சாறு விற்றவரிடமும் இருந்தது. யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்பதை ஒவ்வொரு உணவு வணிகரும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டவிதி 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எமது கடைக்காரரும் இதற்கு உட்பட்டவரே. பிரித்தானியாவும் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னர் இவ்விதியைக் கைவிடவில்லை.

ஆனால் இச்சங்கிலி கடை வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வாங்கிச் செல்லும் எமது பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. அங்கிருந்து எமது சமையலறை வரை உள்ள ஒரே தொடர்பு, பொதியின் மேல் அச்சிட்ட தொகுதி இலக்கம்தான். பெரும்பாலும் 'எல்' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் அது, கசங்கிய ஓரத்தில் மங்கலாக இருக்கும். பொருளில் பிழை கண்டால் அந்த இலக்கத்தை வெளியிட்டே அறிவித்தல் வருகிறது. 2020 செப்டெம்பரில் இந்திய எள்ளில் எதிலீன் ஒக்சைட் என்னும் கிருமிகொல்லி இருப்பதைப் பெல்ஜியம் அறிவித்தபோதும், ஐரோப்பாவெங்கும் பொருட்கள் அவ்வாறே மீளப் பெறப்பட்டன. மூட்டையைப் பிரித்து வெறும் பையில் கட்டிய எள்ளை வாங்கியவர் எந்த இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்?

பட்டைக் கோட்டைப் பார்த்தால் போதும் என்பாரும் உளர். 479 எனத் தொடங்கினால் இலங்கைப் பொருள், 890 எனில் இந்தியப் பொருள் என்று எம்மவர் பலர் நம்புகின்றனர். அது சரியன்று. அந்த இலக்கத்தை எந்நாட்டு அமைப்பு வழங்கியது என்பதையே அது காட்டும். பொருள் விளைந்த இடத்தையன்று. கைத்தொலைபேசியால் படிக்கும் சதுரக் குறியீட்டில் தொகுதி இலக்கத்தையும் திகதியையும் சேர்க்க முடியும். 2027 முடிவுக்குள் கடைக் கருவிகள் அதனைப் படிக்கத் தயாராக வேண்டும் என்பது அத்துறையின் இலக்கு. வரட்டும். எவரும் எழுதாததை அச்சதுரமும் சொல்லாது.

சேர்மானங்களின் பட்டியலும் இத்தகையதே. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு இரசம் கொடுக்கும் தாய் இதனை எப்படி அறிவாள்? ஒவ்வாமை தரும் 14 உணவுவகைகளைத் தெளிவாகக் குறிக்கவேண்டும் என்பது 2014 டிசெம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதி. எள், கடுகு, கச்சான், பால், இறால் யாவும் அதில் உள்ளன. எமது சமையலறையில் பாதி! பொதியிடாத பலகாரத்துக்கும் இவ்விபரம் கொடுத்தாக வேண்டும். 2016இல் நட்டாஷா என்ற 15 வயதுச் சிறுமி, பாணில் எள் இருப்பதை அறியாது உண்டு இறந்தாள். அதன் விளைவாக, கடையிலேயே பொதி செய்யும் உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியலை 2021 ஒக்டோபர் முதல் பிரித்தானியா கட்டாயமாக்கியது. ஆயினும் எமது பிறந்தநாள் விழாக்களில் எள்ளுப்பாகு பெயரின்றியே தட்டில் வருகிறது.

கடைக்காரர் மீது மட்டும் பழி சுமத்த மாட்டோம். காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போய் இரவு கடை பூட்டும் மனிதர் அவர். நாம் கேட்காததால் அவரும் எழுதவில்லை.

கடந்த சனிக்கிழமை மீண்டும் சென்றோம். மூட்டையில் தைத்திருந்த அட்டையை வெட்டியெடுத்து எமக்குக் காட்டினார். தொகுதி இலக்கம், முடிவுத் திகதி, இறக்குமதியாளர் பெயர் எல்லாம் இருந்தன. இனிச் சிறு பைகளிலும் எழுதி ஒட்டுவதாகச் சொன்னார். எமது வீட்டிலிருக்கும் தூள் அந்த மூட்டையினதா, அதற்கு முந்தியதா என்று கேட்டோம். அது அவருக்கும் நினைவில்லை.