புளூரே வாங்குவதா, விடுவதா?

போன மாதம் எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் செத்துப்போனது. தட்டை விழுங்கிவிட்டுத் திருப்பித் தரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆணியைக் கழற்றித் தட்டை மீட்டுவிட்டேன், பிளேயரை மீட்க முடியவில்லை. அதே கிழமை தபால்பெட்டிக்குள் வந்த விளம்பரத் தாளில் புளூரே பிளேயர் ஒன்றைக் கழிவுவிலையில் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குசினிச் சுவரில் ஒட்டினேன். அன்றைக்குத் தொடங்கியது வழக்கு.

"அப்பா, உதை இந்தக் காலத்தில ஆர் வாங்குகினம்? எல்லாம் போனிலயே இருக்கு" என்றான் மகன்.

"முதல்ல கெல்லருக்குள்ள கிடக்கிற குப்பையை எறியுங்கோ. பிறகு புதுசைப் பற்றிக் கதைப்பம்" என்றா மனைவி. ஜேர்மனியில் இருக்கும் எங்களுக்கு நிலத்துக்குக் கீழே உள்ள அறை கெல்லர்தான். வேறு சொல் வாயில் வராது.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் இந்தச் சாமானை வாங்காமல் தள்ளிப்போட்டது இது முதல்தரம் இல்லை.

2006இல் இரண்டு விதமான உயர்தரத் தட்டுகள் சந்தைக்கு வந்தன. ஒன்று தோசிபாவின் எச்டி டிவிடி, மற்றது சோனி பக்கத்தின் புளூரே. ஒன்றின் தட்டு மற்றதில் ஓடாது. என்னோடு வேலை செய்த ஒருவர் 2007 நத்தாருக்கு எச்டி டிவிடி பிளேயர் வாங்கி எங்களுக்கெல்லாம் பெருமை அடித்தார். 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் இனிப் புளூரேக்கு மட்டும்தான் என்று அறிவித்தது. பெப்ரவரி 19ஆம் திகதி தோசிபா கையைத் தூக்கிவிட்டது. அந்த மனிசன் பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை. நான் மனசுக்குள் சிரித்தேன். பொறுத்திருந்த கெட்டிக்காரன் நான்தான் என்று நினைத்தேன்.

அது கெட்டித்தனம் இல்லை, பழக்கம். 1985இல் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி மேற்குப் பக்கம் வந்த நாளில் இருந்து எதை வாங்கினாலும் எங்களுக்கு ஒரே யோசனைதான்: "நாளைக்கு ஊருக்குப் போறதெண்டால் இதை என்ன செய்யிறது?" நல்ல சோபா வாங்கவில்லை. கனமான அலுமாரி வாங்கவில்லை. அப்படியே நாற்பது வருசம் போய்விட்டது. ஊருக்கும் போகவில்லை, புளூரேயும் வாங்கவில்லை.

சரி, இப்போது வாங்கினால் என்ன கிடைக்கும்?

சாதாரண டிவிடியின் படம் இங்கே 720க்கு 576 புள்ளிகள். புளூரேயில் 1920க்கு 1080, அதாவது ஐந்து மடங்கு. இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 கிகாபைட் பிடிக்கும், இரட்டை அடுக்குப் புளூரேயில் 50 பிடிக்கும். 2016இல் வந்த 4கே தட்டில் புள்ளிகள் புளூரேயை விடவும் நான்கு மடங்கு. இணையத்தில் வருவதும் 4கே தானே என்று மகன் கேட்டான். பெயர் ஒன்றுதான். ஆனால் இணையத்தில் வருவதை நன்றாக நெருக்கி அனுப்புகிறார்கள். 4கே படத்துக்குச் செக்கனுக்குப் பதினைந்து, இருபது மெகாபிற் அளவில் வரும். தட்டில் நூறைத் தாண்டவும் இடம் இருக்கிறது. இருட்டுக் காட்சிகளிலும் புகை, மழை வரும் இடங்களிலும் அந்த வித்தியாசம் தெரியும். சத்தத்தில் இன்னும் தெரியும்.

இதெல்லாம் நல்ல படம் நல்ல தட்டில் இருந்தால். எங்கள் தமிழ்ப் படங்கள் எத்தனை அப்படி வந்தன? கெல்லருக்குள் என்னிடம் இருநூறு டிவிடி வரை கிடக்கிறது. அதில் பாதி, ஒரே தட்டில் மூன்று படம் என்று தமிழ்க்கடையில் மரக்கறியோடு சேர்த்து வாங்கினவை. தியேட்டரில் கமெரா வைத்துப் பிடித்தது, இடையில் ஒருவர் எழும்பிப் போவார், அவருடைய தலையும் கதையில் ஒரு பாத்திரம். மூன்று படத்தை ஒரு தட்டுக்குள் அடைத்தால் முகம் எல்லாம் சதுரம் சதுரமாகத்தான் தெரியும். அதைப் புளூரே பிளேயரில் போட்டால் பெரிதாக்கிக் காட்டும். இல்லாத மூக்கையும் கண்ணையும் அது எங்கே இருந்து கொண்டு வரும்?

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். களவுத் தட்டை மலிவாக வாங்கிப் பார்த்தவர்கள் நாங்கள்தான். நல்ல தட்டு வந்தபோது "இந்த விலையோ?" என்று வைத்துவிட்டுப் போனவர்களும் நாங்கள்தான். இன்றைக்குப் பழைய தமிழ்ப் படம் ஒன்று ஒழுங்கான தட்டில் இல்லையே என்று அழுவதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

இன்னொரு கூத்து. புளூரேக்கு உலகத்தை மூன்று வலயமாகப் பிரித்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் ஏ, ஐரோப்பா பி, இந்தியாவும் இலங்கையும் சி. கனடாவில் அக்கா, ஜேர்மனியில் நான், ஊரில் சித்தி. எங்கள் குடும்பத்தைப் பார்த்துப் பிரித்ததுபோல இருக்கும்! எல்லாத் தட்டிலும் இந்தப் பூட்டு இல்லை, 4கே தட்டுக்கு வலயமே இல்லை. ஆனாலும் அக்கா ஆசையாக அனுப்பும் தட்டு இங்கே ஓடாமல் போகலாம். இது எங்களுக்குப் புதிதும் இல்லை. ஒருகாலத்தில் கனடாவில் இருந்து வந்த கலியாண வீட்டுக் கசெற் எல்லாம் என்ரிஎஸ்சி, இங்கே எங்கள் டெக் பால். மணமகள் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருப்பா.

அப்படியென்றால் மகன் சொல்வதுதான் சரியா? புதுப் படம் ஒருதரம் பார்க்க என்றால் சரிதான். ஆனால் போன வருசம் இருந்த படம் இந்த வருசம் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததாம். "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று ஒரு வரி வேறு வரும். காசு கொடுத்து "வாங்கினாலும்" அது உங்களுடையது இல்லை, பார்க்கும் அனுமதி மட்டும்தான். இதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டமே போட்டார்கள், 2025 ஜனவரியில் இருந்து நடைமுறைக்கு வந்தது. கையில் இருந்ததை ஒரு இரவில் விட்டுவிட்டு ஓடின எங்களுக்கு, "வைத்திருக்கலாம், ஆனால் எப்போதும் பறிக்கலாம்" என்ற ஏற்பாடு கொஞ்சம் கூடுதலாகவே சுடும்.

இப்படி இரண்டு பக்கமும் நியாயம் பிளந்துகொண்டு, மனைவி சொன்னபடி கெல்லரைத் துப்பரவாக்கப் போனேன். அங்கேதான் அது இருந்தது. அக்காவின் கலியாணக் கசெற், 1986.

நான் அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. போக முடியாது, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விடுதியில் இருந்தேன். கசெற் தபாலில் வந்தது. விடுதியில் நாலு பேர் காசு சேர்த்துப் பழைய டெக் ஒன்று வாங்கி அதைப் பார்த்தோம். மற்ற மூன்று பேருக்கும் அந்தக் கலியாண வீட்டில் ஒருவரையும் தெரியாது. என்றாலும் பந்தியில் இலை போடுவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அதற்குள் ஐயா வருகிறார். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. படங்கள், அல்பங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஐயா நடமாடுவது உலகத்தில் அந்த ஒரு கசெற்றில் மட்டும்தான். அதைப் போட்டுப் பார்க்கும் டெக்கை 2009இல் தட்டையான ரீவி வாங்கினபோது நானே குப்பையில் போட்டேன். புத்தி! விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாயும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. நாடாவோ ஆண்டுக்கு ஆண்டு வலு இழக்கிறது.

வேறு நகரத்தில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் டெக் ஒன்றை இரவல் வாங்கினேன். கணினிக்குள் படத்தை இழுக்கும் சின்ன யூஎஸ்பி கருவியை மகன் வாங்கி வந்தான், புளூரே விலையில் கால்வாசியும் இல்லை. சனிக்கிழமை முழுக்க இருந்தோம். கீழே கோடு ஓடியது, இரண்டு இடத்தில் சத்தம் இல்லை. வாழைமரம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஐயா பந்தலுக்குள் வந்தார். கமெராவைக் கண்டதும் வெட்கத்தில் மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். பதினொரு செக்கன்.

"இதோ அப்பப்பா?" என்று கேட்டான் மகன். பிறகு ஒன்றும் கதைக்காமல் மூன்று தரம் திருப்பிப் போட்டான்.

முகம் தெளிவில்லை. எந்தப் பிளேயர் வாங்கினாலும் அது தெளியப் போவதும் இல்லை. இப்போது அந்தக் கோப்பு எங்கள் இரண்டு வன்தட்டிலும் கனடாவில் அக்காவிடமும் இருக்கிறது.

வழக்கின் தீர்ப்பு இதுதான். 4கே பிளேயர் எங்கள் வீட்டுக்குத் தேவை இல்லை. டிவிடியும் ஓடக்கூடிய சாதாரணப் புளூரே பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். நல்ல தட்டுகளை வைத்துக்கொண்டு, களவுத் தட்டுகளை எறிந்துவிட்டேன். மனைவிக்கு அரை வெற்றி.

உங்களுக்கும் சொல்கிறேன். புதுப் பெட்டிக்கு அவசரம் இல்லை, ஆறுதலாக யோசியுங்கோ. முதலில் கெல்லருக்குள் இறங்கிக் கசெற் எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கோ. கலியாண வீட்டுக்காரர் எழுதித் தந்த டிவிடிகளையும் பாருங்கோ, வீட்டில் எழுதின தட்டுகள் கடையில் அச்சடித்து விற்பவையைவிடக் கெதியாகப் பழுதாகும். இரவலுக்கு ஒரு டெக் கிடைக்கிற காலத்திலேயே செய்துவிடுங்கோ. நடிகர்களின் படத்தை யாரோ ஒருவர் எங்கேயோ வைத்திருப்பார். உங்கள் ஐயாவின் பதினொரு செக்கன் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.