சட்டம் மாறல, சாஃப்ட்வேர் மாறிச்சு: வரிக் கணக்கு போடும் மென்பொருள் ஏன் ஓப்பன் சோர்ஸாக இருக்க வேண்டும்?

2024 ஜூலை 5. நாடாளுமன்றத்தில் அன்று எந்த வரிச் சட்டத் திருத்தமும் நிறைவேறவில்லை. புதிய அரசாணையும் வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்த பலருக்கு, அதற்கு முன் தாக்கல் செய்தவர்களைவிட அதிக வரி வந்தது. அதே வருமானம், அதே ஆண்டு, அதே சட்டம். மாறியது ஒன்றே ஒன்றுதான்: வருமான வரித் துறையின் மென்பொருள்.

'ஐ.டி.ஆர். ஃபைல் பண்ணியாச்சா?' என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கும் சீசனில், 'அந்தக் கணக்கை யார் போடுகிறார்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.

அன்று என்ன நடந்தது?

வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வரித் தள்ளுபடி தருகிறது. 2023-24 நிதியாண்டில், புதிய வரி முறையில் மொத்த வருமானம் 7 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 25,000 ரூபாய் வரை தள்ளுபடி.

ஓர் உதாரணம் பார்ப்போம். கழிவுகள் போக ஒருவருக்குச் சம்பள வருமானம் 5 லட்சம். பங்குகளை விற்றதில் குறுகிய கால ஆதாயம் 1 லட்சம். சம்பளத்துக்கு வரி 10,000. பங்கு ஆதாயத்துக்கு 15 சதவீதம் என்ற சிறப்பு விகிதத்தில் 15,000. மொத்தம் 25,000. தள்ளுபடியைக் கழித்தால் கட்ட வேண்டியது பூஜ்யம்.

ஜூலை 5 அன்று மாற்றப்பட்ட மென்பொருள், சிறப்பு விகித வருமானத்தின் மீதான வரிக்கு இந்தத் தள்ளுபடியைத் தரவில்லை. அதே நபர் அதற்குப் பிறகு தாக்கல் செய்திருந்தால், 4 சதவீத செஸ்ஸோடு 15,600 ரூபாய் கட்ட வேண்டும். 'எனக்குத் தள்ளுபடி உண்டு' என்று எழுதிக் கேட்க படிவத்தில் இடமே இல்லை. அந்தக் கட்டம் பூட்டியிருந்தது.

வரி ஆலோசகர்கள் அமைப்பான சேம்பர் ஆஃப் டாக்ஸ் கன்சல்டன்ட்ஸ் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. தாமத ரிட்டர்னுக்கான கெடுவை நீட்டிக்கும்படி 2024 டிசம்பர் 20-ல் நீதிமன்றம் சொன்னது. கெடு 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது. ஜனவரி 24-ல் வந்த தீர்ப்பின் சாரம் எளிமையானது: தள்ளுபடி உண்டா இல்லையா என்பதை உரிய அதிகாரிகள் முடிவு செய்யட்டும், ஆனால் ஒருவர் தன் கோரிக்கையை முன்வைக்கவே முடியாதபடி மென்பொருள் தடுக்கக் கூடாது.

அடுத்து வந்த 2025 பட்ஜெட்டில், சிறப்பு விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்டது. அது 2025-26 நிதியாண்டு முதல் பொருந்தும். சட்டம் மாறுவதற்கு ஏழு மாதம் முன்பே சாஃப்ட்வேர் மாறிவிட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதில் ஓப்பன் சோர்ஸ் எங்கே வருகிறது?

ஒரு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்ற மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, யார் வேண்டுமானாலும் படிக்கவும், மாற்றவும், பகிரவும் அனுமதித்தால் அது ஓப்பன் சோர்ஸ். காசு வாங்காமல் தருவது வேறு, திறந்து காட்டுவது வேறு. வருமான வரி போர்ட்டலில் தாக்கல் செய்ய ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. ஆனால் அதன் உள்ளே கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்கவும் வழி கிடையாது.

ஃபோட்டோ எடிட்டிங் ஆப் என்றால் 'போகட்டும்' என்று விடலாம். வரி அப்படி இல்லை. சட்டம் அரசிதழில் வெளியாகிறது. எவரும் படிக்கலாம், எதிர்த்து வழக்குப் போடலாம். ஆனால் அந்தச் சட்டம் நம்மை வந்து தொடுவது மென்பொருள் வழியாகத்தான். அந்த மென்பொருளை எழுதுபவர் சட்டத்துக்கு ஒரு விளக்கமும் சேர்த்தே எழுதுகிறார். அந்த விளக்கம் மட்டும் ஏன் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்?

கோட் வெளியில் இருந்திருந்தால், ஜூலை 5 அன்று எந்த வரி மாறியது என்று அன்று மாலையே யாராவது ஒரு புரோகிராமரோ ஆடிட்டரோ சுட்டிக்காட்டியிருப்பார். வரி செலுத்துபவர் திரையில் வந்த தொகையைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் ஓப்பன் டாக்ஸ் சால்வர் என்ற இலவச, திறந்த மூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகப் பராமரிக்கிறார்கள். 1040 என்ற அந்நாட்டுப் படிவத்தையும் சில மாநிலப் படிவங்களையும் அது உங்கள் கணினியிலேயே கணக்கிட்டு நிரப்பித் தரும். ஆன்லைனில் தாக்கல் செய்யும் வசதி அதில் இல்லை. அச்செடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆனால் உங்கள் விவரம் எதுவும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.

அது ஏன் முக்கியம் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. எச்&ஆர் பிளாக், டாக்ஸ்ஆக்ட், டாக்ஸ்ஸ்லேயர் ஆகிய பிரபல வரித் தாக்கல் சேவைகளின் தளங்களில் இருந்த கண்காணிப்பு நிரல் வழியாகப் பயனர்களின் தகவல்கள் மெட்டா நிறுவனத்துக்குப் போனதை 2022 நவம்பரில் தி மார்க்கப் என்ற செய்தித் தளம் அம்பலப்படுத்தியது.

அந்நாட்டு அரசே 2024-ல் 'டைரக்ட் ஃபைல்' என்ற இலவச சேவையை 12 மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி, 2025-ல் 25 மாநிலங்களுக்கு விரிவாக்கியது. 2025-ல் அதன் சோர்ஸ் கோடை கிட்ஹப்பில் வெளியிட்டது. 2026 சீசனில் இந்தச் சேவை கிடையாது என்று பிறகு அறிவித்துவிட்டார்கள். சேவை நின்றாலும் வெளியிட்ட கோடை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. வரி விதிகளைப் புரோகிராமாக எப்படி எழுதினார்கள் என்பதை நம் ஊர் கல்லூரி மாணவர்கூட இன்று படிக்கலாம்.

பிரேசில் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே வரித் துறை கொடுக்கும் மூடிய மென்பொருளைப் பயன்படுத்த மறுத்த அலெக்ஸாண்ட்ரே ஒலிவா என்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர், அதற்கு இணையாக ஐ.ஆர்.பி.எஃப்.-லிவ்ரே என்ற திறந்த வடிவத்தை உருவாக்கினார். போர்ச்சுகீசிய மொழியில் 'இம்போஸ்டோ' என்றால் வரி என்றும் பொருள், திணிக்கப்பட்டது என்றும் பொருள். 'திணிக்கப்பட்ட மென்பொருள்' என்ற பெயரிலேயே அவர் சார்ந்த அமைப்பு பிரசாரம் நடத்தியது.

இந்தியாவில் என்ன நிலை?

2021 ஜூன் 7-ல் புதிய போர்ட்டல் வருவதற்கு முன், ஜாவாவில் எழுதிய ஆஃப்லைன் யுட்டிலிட்டி ஒன்று இருந்தது. லினக்ஸ் வைத்திருப்பவர்களும் அதை ஓட்ட முடிந்தது. பிறகு அது நிறுத்தப்பட்டது. இன்றும் கிடைக்கும் எக்செல் யுட்டிலிட்டி, மைக்ரோசாஃப்ட் எக்செல்லில் ஓடும் மேக்ரோக்களை நம்பியது. லிப்ரே ஆபீஸில் திறந்து நிரப்பிவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். போர்ட்டலில் நேரடியாக ஆன்லைனில் நிரப்பும் வழி மட்டும் பிரவுசர் இருக்கும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

துறையைப் பாராட்ட வேண்டிய ஓர் இடமும் உண்டு. ஒவ்வொரு படிவத்துக்குமான தரவு அமைப்பையும், சரிபார்ப்பு விதிகளையும் அது தன் தளத்தில் வெளியிடுகிறது. அதாவது பாதிக் கதவு திறந்திருக்கிறது.

மீதியைத் திறக்கக் கொள்கைத் தடையும் இல்லை. அரசு மென்பொருள்களில் ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தரும் கொள்கையையும், அரசுச் செயலிகளின் சோர்ஸ் கோடை வெளியிடும் கொள்கையையும் மத்திய அரசே 2015-ல் அறிவித்தது. 2020 மே மாதம் ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு கோட் வெளியிடப்பட்டது. கோவிட் ஆப்புக்கு முடிந்தது, வரிக் கணக்குக்கு ஏன் முடியாது?

'கோடை வெளியிட்டால் ஹேக் பண்ணிவிடுவார்கள்' என்பது வழக்கமான பதில். கணக்குப் போடும் கோட் வேறு, உங்கள் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கும் சர்வர் வேறு. முதலாவதைத் திறக்க இரண்டாவதைத் தொடவே வேண்டாம். 7 லட்சத்துக்கு எவ்வளவு வரி என்ற கணக்கில் ஒளித்து வைக்க என்ன ரகசியம் இருக்கிறது?

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வரியை நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், ஓப்பன் சோர்ஸ், உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். ஃபார்ம் 16, 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் ஓர் எளிய சூத்திரம் ஒளிந்திருக்கிறது. 4, 8, 12, 16, 20, 24 லட்சம் என ஆறு படிகள். ஒவ்வொரு படியையும் தாண்டிய தொகைக்கு 5 சதவீதம் போட்டு, ஆறையும் கூட்டினால் அதுதான் வரி.

சம்பளம் 14 லட்சம் என்று வைப்போம். நிலையான கழிவு 75,000 போக 13,25,000. நான்கைத் தாண்டியது 9.25 லட்சம், எட்டைத் தாண்டியது 5.25 லட்சம், பன்னிரண்டைத் தாண்டியது 1.25 லட்சம். கூட்டினால் 15.75 லட்சம். அதில் 5 சதவீதம் 78,750. செஸ் 3,150. மொத்தம் 81,900 ரூபாய். ஆறு கட்டங்களில் முடிந்துபோகும் கணக்கு.

இங்கேயே ஒரு பொறியும் உண்டு. சம்பளம் 12,85,000 என்றால், கழிவு போக 12,10,000. மேலே சொன்ன முறையில் வரி 61,500 வரும். ஆனால் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லை. 10,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 61,500 கட்டுவது அநியாயம் அல்லவா? அதனால் சட்டம் 'மார்ஜினல் ரிலீஃப்' தருகிறது. வரி அந்த 10,000-ஐத் தாண்டாது. செஸ்ஸோடு 10,400. இந்த ஒரு வரியை விட்டுவிட்ட கால்குலேட்டர் உங்களை 50,000 ரூபாய்க்கு மேல் பயமுறுத்தும். எந்த கால்குலேட்டர் விட்டிருக்கிறது என்று உள்ளே பார்த்தால்தானே தெரியும்?

உங்கள் ஷீட்டும் போர்ட்டலும் ஒரே தொகையைக் காட்டினால் நிம்மதியாகத் தாக்கல் செய்து, 30 நாட்களுக்குள் இ-வெரிஃபை செய்துவிடுங்கள். வித்தியாசம் வந்தால் எந்த வரிசையில் வருகிறது என்று தேடுங்கள். தப்பு உங்கள் பக்கமும் இருக்கலாம். வீடு விற்றது, வெளிநாட்டுப் பங்கு, பிசினஸ் வருமானம் எல்லாம் இருந்தால் ஆடிட்டரிடம் போவதுதான் சரி; அப்போதும் அந்த ஷீட்டைக் கையில் கொண்டு போங்கள். 'நிமிஷத்தில் ஃபைல் பண்ணித் தருகிறோம்' என்று போர்ட்டல் பாஸ்வேர்டைக் கேட்கும் ஆப்களுக்கு அதைக் கொடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இதுதான் சரியான நேரம்

1961-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக, வருமான வரிச் சட்டம் 2025 கொண்டுவரப்பட்டிருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அதுதான் நடைமுறை. சாமானியருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே சட்டத்தை எளிய மொழியில் திருத்தி எழுதியதாக அரசு சொல்கிறது. புதிய பிரிவு எண்கள், புதிய படிவங்கள் என்று மென்பொருளும் எப்படியும் புதிதாக எழுதப்பட வேண்டும்.

அப்படி எழுதும்போதே, கணக்கிடும் பகுதியின் சோர்ஸ் கோடை வெளியிடட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியும் காரணமும் அது நிற்கும் சட்டப் பிரிவும் பக்கத்திலேயே இருக்கட்டும். லினக்ஸிலும் ஓடும் யுட்டிலிட்டி ஒன்றைத் திரும்பக் கொடுக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், 2015 கொள்கையைப் பின்பற்றினாலே போதும். வரி கட்டுகிறவர் தன் வருமானத்தை ஒரு ரூபாய் மறைக்காமல் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் அரசு, அந்த வரியைக் கணக்கிட்ட விதத்தையும் மறைக்காமல் காட்டுவதுதான் முறை.