மாலை வயதில் மலர்த்தொழில்

ஐம்பதைக் கடந்தபின் தொழில் மாற்றிப் பூக்கடை வைப்போரைத் தோற்றவரென எண்ணுவோர் நம்மிடையே பலர். அவர்கள் ஆடிச் சனிக்கிழமையன்று குச்சனூர் சென்று காணட்டும்.

திருமணங்கள் அருகும் அம்மாதத்தில், சனீசுவரர் கோயில் விழாவே பூக்கடைகளை வாழவைக்கிறது. காலமும் இடமும் அறிதலே இத்தொழிலின் பெருமுதல். சீலையம்பட்டிச் சந்தையில் காலையில் வாங்கும் மல்லிகை அரும்பு இரவுக்குள் விரிந்துவிடும், விற்காதது இழப்பே. அவ்விழப்பைத் தாங்கக் கைவிரைவினும் பொறுமையே மிகுதியும் வேண்டும். அஃது முதுமை தரும் செல்வமன்றோ?

புறநானூறு ‘பூவிலைப் பெண்டு’ எனக் குறித்த தொழில் இது. மணமாலையோ இறுதிமாலையோ, சமயம் பாராது தொடுக்கும் கை இழிந்ததாகுமா?

மாணவர்களே! உங்கள் தந்தை பூக்கடை வைத்தால் நாணாதீர். அருகமர்ந்து ஒரு முழமேனும் தொடுத்துக் கொடுங்கள்.